பெயின்ட் உரிகிறதா? முதலில் சுவரைப் பாருங்கள்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எனது கடையில் நிற்க இடமிருக்காது. தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கொடுத்த மறுநாள் சனம் முதலில் புடவைக் கடைக்குப் போகும், அடுத்ததாக எங்களைப் போன்ற ஹார்ட்வெயார் கடைகளுக்கு வரும். நான்கு லீட்டர் பெயின்ட், ஒரு பிரஷ், அரைக் கிலோ ஃபில்லர். இதுதான் வழமையான பட்டியல்.

அதே சனத்தில் சிலர் தைப்பொங்கலுக்கு முன்பே திரும்பி வருவார்கள். கையில் கடதாசியில் சுற்றிய பெயின்ட் தோல் இருக்கும். "நானா, நீங்க குடுத்த பெயின்ட் சரியில்ல. அப்புடியே உரிஞ்சி வருது." முற்பணமோ சம்பளத்தில் மாதாமாதம் கழிபட்டுக்கொண்டிருக்கும். கடன் தீருமுன் சுவர் உரிந்துவிட்டால் அந்த மனிதனுக்கு யார் மீது கோபம் வரும்? விற்றவன் மீதுதான்.

ஊவா மாகாணத்தில் பெயின்ட் விற்கும் நம்மவர்கள் பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் வெலிமடையிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். முப்பது வருடமாக இந்த முறைப்பாட்டைக் கேட்டு நான் கற்றுக்கொண்டதை எழுதினால் அவர்களில் சிலருக்காவது பயன்படும் என்று நினைக்கிறேன். பெயின்ட் வாங்கிப் பூசும் வியாபார அன்பர்களுக்கும் இது உதவலாம்.

தோலைத் திருப்பிப் பாருங்கள்

ஆரம்ப காலத்தில் முறைப்பாடு வந்தால் நான் உடனே கம்பனியைக் குறை சொல்வேன். வாடிக்கையாளர் முன்னால் நல்ல பெயர் எடுக்க அதைவிட இலகுவான வழி இல்லை. ஒருமுறை அப்படி நான் சத்தம் போட, கம்பனிப் பிரதிநிதி ஒருவர் நேரில் வந்தார். வயதானவர், அதிகம் பேசமாட்டார். என்னையும் அழைத்துக்கொண்டு அந்த லயத்துக்குப் போனார். சுவரிலிருந்து ஒரு துண்டை உரித்து, திருப்பி, அதன் பின்பக்கத்தை என் சட்டைக் கையில் தேய்த்தார். சட்டை வெள்ளையானது.

"பெயின்ட் நல்லாத்தான் ஒட்டியிருக்கு முதலாளி. சுவரில ஒட்டல்ல, சுண்ணாம்பில ஒட்டியிருக்கு" என்றார்.

அன்று கற்றதுதான் இந்தத் தொழிலில் நான் கற்ற முதல் பாடம். உரிந்த தோலின் முன்பக்கம் நிறத்தை மட்டும் காட்டும், காரணம் பின்பக்கத்தில்தான் இருக்கும். பின்பக்கத்தில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தால் அடியில் பழைய வெள்ளையடிப்பு இருக்கிறது. பழைய லயங்களில் பல வருடத்துச் சுண்ணாம்பு அடுக்கு அடுக்காகக் கிடக்கும். அந்தத் தூளின் மேல் எவ்வளவு விலை கூடிய எமல்ஷன் பூசினாலும் தூளோடு சேர்ந்து கழன்றுவிடும். பின்பக்கத்தில் மணலும் சாந்தும் ஒட்டி வந்தால் சுவரின் பூச்சே பலமில்லாமல் இருக்கிறது, அல்லது உள்ளே ஈரம் ஏறி அதை இளக்கியிருக்கிறது. பழைய பெயின்டின் ஒரு படையும் சேர்ந்து வந்தால் புதிய பெயின்டுக்குக் குற்றமில்லை, பழையதுதான் கைவிட்டிருக்கிறது. பின்பக்கம் பளபளவென்று சுத்தமாக இருந்தாலோ மினுக்கமான பழைய எனமல் மேல் அரத்தாள் போடாமலே பூசியிருக்கிறார்கள்.

சுண்ணாம்புச் சுவருக்கு மருந்து ஒன்றுதான். சுரண்ட வேண்டும். கம்பி பிரஷால் தேய்த்து, கழுவி, நன்றாகக் காயவிட்டு, அதன் பிறகு சீலர் அல்லது பிரைமர் ஒரு படை. சுவரை உள்ளங்கையால் தடவினால் கையில் மா ஒட்டக்கூடாது. சிறிய செலோடேப் துண்டொன்றை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். டேப்பில் தூள் வந்தால் அந்தச் சுவர் பெயின்டுக்குத் தயாரில்லை. இதையெல்லாம் செய்ய ஒரு நாள் கூலி அதிகம் போகும் என்று வாடிக்கையாளர் முகம் சுழிப்பார். அப்படிப்பட்டவரிடம் நான், "அப்ப எமல்ஷன் வாங்காதீங்க அண்ணே, சுண்ணாம்பே அடிங்க" என்று சொல்லிவிடுவேன். சுண்ணாம்பின் மேல் சுண்ணாம்பு நிற்கும், செலவும் குறைவு. எனக்கு லாபம் குறையும், உண்மைதான். ஆனால் உரிந்த தோலோடு அவர் திரும்பி வரமாட்டார்.

மழைக் காலத்தில் வரும் பெருநாள்

நமது பகுதியின் பெரிய சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. ஊவாவில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான் கூடுதலான மழை. தீபாவளி சரியாக அந்தக் காலத்தில் வருகிறது, நத்தாரும் பொங்கலும் அப்படியே. நமது நோன்பும் பெருநாளும் வருடத்துக்கு ஏறத்தாழ பதினொரு நாள் முன்னுக்கு நகர்வதால் பள்ளிவாசலுக்குப் பெயின்ட் பூசும் வேலை சில வருடங்கள் வெயிலிலும் சில வருடங்கள் மழையிலும் விழும். தோட்டத்துச் சகோதரர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

எமல்ஷன் எப்படி உலர்கிறது என்று தெரிந்தால் இதன் பாரதூரம் விளங்கும். மிக நுண்ணிய பிசின் துணிக்கைகள் நீரில் மிதக்கின்றன. நீர் ஆவியாகும்போது அவை நெருங்கி, ஒன்றோடொன்று உருகி ஒட்டுவது போல இணைந்து ஒரே தோலாகின்றன. காற்று ஈரமாகவும் குளிராகவும் இருந்தால் நீர் போகாது, துணிக்கைகளும் சரியாக இணையாது. பெரும்பாலான எமல்ஷன் வாளிகளில் 10 பாகை செல்சியசுக்குக் கீழ் பூச வேண்டாம் என்ற வகையில் ஒரு குறிப்பு இருக்கும். அப்புத்தளைப் பக்கம் பின்னேரம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிடுகிறது. அதன் பிறகு வெளிச்சுவரில் பூசியது காலையில் பார்த்தால் ஒழுகிய கோடுகளாக, பழுப்பும் பிசுபிசுப்புமாக நிற்கும். அது பெயின்டில் கலந்திருக்கும் சவர்க்காரம் போன்ற சேர்மானங்கள் மேலே கசிந்து வந்ததுதான். ஆரம்பத்திலேயே தண்ணீரால் மெதுவாகக் கழுவினால் போய்விடும். அதற்காகப் பெயின்டை மாற்றித் தரத் தேவையில்லை.

மழை மாதத்தில் பூசியே ஆக வேண்டுமென்றால் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முன் முடிக்கச் சொல்லுங்கள். இந்த வருடம் உள்ளறையை மட்டும் பூசி, வெளிச்சுவரை வெயில் காலத்துக்கு விடச் சொல்லுங்கள். நான் இப்போது தோட்டத்து வாடிக்கையாளர்களிடம் ஜூலை, ஓகஸ்டில் வந்து வெளிச்சுவருக்கு வாங்கும்படி சொல்கிறேன். சங்கங்கள் மூலம் சிறு சேமிப்புப் போட்டு அப்படி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் அந்த வெயில் காலத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி வரும் வரண்ட காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் வாசனையைக் கொடுக்கிறது என்பார்கள். அதே காற்று பெயின்டைத் தேவைக்கு அதிகமான வேகத்தில் காய வைக்கும். பின்னேர வெயில் நேராக அடிக்கும் மேற்குச் சுவரைத் தொட்டால் கை சுடும். அதில் பூசினால் மேல்தோல் முதலில் காய்ந்து உள்ளே ஈரம் அடைபட்டுக் கொப்புளம் வரும், ரோலர் ஓடிய இடமெல்லாம் பட்டை பட்டையாகத் தெரியும். மேற்குச் சுவரைக் காலையில் பூசுங்கள், கிழக்குச் சுவரைப் பின்னேரம். வெயிலுக்குப் பின்னால் போங்கள் என்பார் எங்கள் பெயின்ட் பாஸ்.

புதிய வீடும் மஞ்சள் தூளும்

தோட்டப்புறங்களில் இப்போது லயங்கள் மட்டுமில்லை. இந்திய உதவியில் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கென 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டு, 2017 இல் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு. சாவி கிடைத்தவர் மறு வாரமே தன் விருப்ப நிறத்தைப் பூச ஆசைப்படுவது நியாயம்தானே. எத்தனை தலைமுறை காத்திருந்த வீடு!

ஆனால் புதிய சீமெந்துப் பூச்சு கடும் காரமானது. அந்தக் காரம் நிறத்தைத் தின்னும், எனமலாக இருந்தால் எண்ணெயைச் சவர்க்காரமாக்கிப் பிசுபிசுக்க வைக்கும். 28 நாள் காயவிட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மலைநாட்டு மழை மாதங்களில் அதுவும் போதாது.

காரம் இருக்கிறதா என்று பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. சுவரில் ஒரு இடத்தை நனைத்து மஞ்சள் தூளைத் தேய்த்துப் பாருங்கள். கடும் சிவப்பாக மாறினால் காரம் அப்படியே இருக்கிறது, பொறுக்க வேண்டும். ஈரத்துக்கு இன்னொரு சோதனை: ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் ஒன்றை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பொலித்தீனின் உட்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், சன்னலைத் திறந்தால் போதும்.

சுவரில் வெள்ளைப் பஞ்சு போல உப்புப் பூப்பதும் இந்த ஈரத்தின் வேலைதான். அதைப் பலர் ஈரத் துணியால் துடைக்கிறார்கள். உப்பு தண்ணீரில் கரைந்து மீண்டும் சுவருக்குள் போய் அடுத்த மாதம் திரும்பி வரும். காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். பிறகு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். மலைச்சரிவில் கட்டிய வீட்டில் பெரும்பாலும் அது பின்சுவருக்குப் பின்னால் வெட்டாமல் விட்ட கான்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரும்புள்ளி அழுக்கா பூஞ்சணமா என்று தெரியாவிட்டால் சலவைக்குப் பாவிக்கும் குளோரின் திரவம் ஒரு துளி வையுங்கள். வெளுத்தால் பூஞ்சணம், வெளுக்காவிட்டால் அழுக்கு. குளோரினை வேறு அமிலத் திரவங்களோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். விறகடுப்புப் புகை பிடித்த சுவரில் எமல்ஷனை நேராகப் பூசினால் எத்தனை படை போட்டாலும் பழுப்பு ஊறி வரும். சவர்க்காரத்தால் கழுவி, எண்ணெய் வகை சீலர் ஒரு படை போட்டால்தான் அடங்கும். புதிய நாகத் தகரத்தில் சாதாரண எனமலை நேராகப் பூசாதீர்கள், நாகமும் எண்ணெயும் சேர்ந்து ஒட்டாமல் செய்துவிடும், அதற்கென்று பிரைமர் இருக்கிறது. கதவில் எனமல் சுருங்கினால் முதல் படை காயுமுன் தடிப்பாக அடுத்ததைப் போட்டிருக்கிறார்கள். பழைய எனமல் கதவுகளைக் காய்ந்த அரத்தாளால் தேய்த்துத் தூசு கிளப்ப வேண்டாம் என்றும் சொல்லுங்கள். இலங்கையில் பெயின்டில் ஈயத்தின் அளவுக்குச் சட்டப்படி எல்லை வந்தது 2013 இல்தான். அதற்கு முந்திய கதவில் ஈயம் இருக்கலாம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, தூளைக் கூட்டியள்ளி அகற்றச் சொல்லுங்கள்.

கடைக்காரன் குற்றம்

எல்லாப் பழியையும் சுவர் மீதும் பாஸ் மீதும் போட்டுத் தப்ப முடியாது. வருடக் கணக்கில் தட்டில் கிடந்த வாளியைத் தூசு தட்டி விற்கிறோம். மூடியைத் திறந்ததும் புளித்த நாற்றம் வந்தால் அதில் பக்டீரியா புகுந்துவிட்டது, விற்கக்கூடாது. விலை குறைந்த வெள்ளையில் கலர் டியூபை அளவுக்கு மேல் ஊற்றிக் கடும் நீலம் செய்து கொடுக்கிறோம், ஆறு மாதத்தில் வெளிறிவிடுகிறது. ஒரே நிறத்தில் மூன்று வாளி கேட்டால் தயாரிப்புத் தொகுதி இலக்கம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. வேறு வேறாக இருந்தால், எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் கலந்துவிட்டுப் பூசும்படியாவது சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஒரே சுவரில் இரண்டு நிறம் தெரியும்.

"எவ்வளவு தண்ணி ஊத்தலாம் நானா?" என்று கேட்கிறவருக்கு வியாபாரத்தைப் பிடித்துக்கொள்ள "நல்லா ஊத்தலாம், மிச்சம் பிடிக்கும்" என்று சொல்கிற கடைகளையும் நான் அறிவேன். ஒரு லீட்டர் எமல்ஷன் மட்டமான சுவரில் ஒரு படைக்கு ஏறத்தாழ 10 முதல் 12 சதுர மீற்றர் பிடிக்கும். 20 பிடித்தது என்று ஒருவர் பெருமைப்பட்டால் அவர் பூசியது பாதி தண்ணீர். அது கை பட்டாலே மாவாகும்.

நான் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். யார், எந்தத் தோட்டம், என்ன சுவர், என்ன வாங்கினார், தொகுதி இலக்கம் என்ன. முறைப்பாடு வந்தால் அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் பேசுவேன். பெயின்டின் குற்றமென்று தெரிந்தால் அந்த இலக்கத்தை வைத்துக் கம்பனியிடம் கேட்டு வாங்கவும் முடிகிறது. ஆனால் அந்தக் கொப்பி எனக்கு வேறொன்றையும் காட்டிக்கொடுத்தது. இதை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

ஃபில்லரால் மூட முடியாத வெடிப்பு

வெடிப்பு என்று வருகிறவர்களுக்கெல்லாம் ஃபில்லர் விற்பதுதான் நமது வழக்கம். பெரும்பாலும் அது சரியும்தான். மயிர் போல வலைவலையாக ஓடுவது பூச்சு காயும்போது சுருங்கியது. தூணும் கல்லும் சேருமிடத்தில் நேர்கோடாக வருவது இரண்டு பொருளும் வேறு வேறாக விரிந்து சுருங்குவதால். இவற்றை அடைத்துப் பூசலாம்.

கதவு, சன்னல் மூலையிலிருந்து சரிவாக, படிக்கட்டுப் போல ஓடும் வெடிப்பு வேறு. ஒரு முனை ஒடுங்கி மறு முனை விரிந்திருக்கும். அடைத்தால் மறு வருடம் அதே இடத்தில் திறக்கும். கூடவே கதவு நிலையில் இறுகும், தரைக்கும் சுவருக்கும் இடையில் இடைவெளி விழும். வெளியே வந்து பார்த்தால் நிலத்திலும் கோடு இருக்கலாம், மரங்களோ மின்கம்பமோ சாய்ந்திருக்கலாம், இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பியிருக்கலாம், இருந்த ஊற்று கலங்கியோ வற்றியோ இருக்கலாம். இவை வீட்டின் குறைகளல்ல, மலை நகர்வதற்கான அடையாளங்கள்.

கொஸ்லந்தைக்கு அண்மையில் மீரியபெத்தத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த வருடம் தீபாவளி ஒக்டோபர் 22. சரியாக ஒரு வாரம். மண்ணுக்குள் போன சுவர்களில் பெயின்ட் வாசனை மாறாதவையும் இருந்திருக்கும். அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது பின்னர் ஊடகங்களில் வெளிவந்தது. தப்பியவர்களில் பலர் இரண்டு வருடம் இடைத்தங்கல் முகாமில் கிடந்தார்கள். மகல்தெனியவில் கட்டிய 75 வீடுகள் 2016 இல்தான் கையளிக்கப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது பதுளை மாவட்டத்தில் மீண்டும் எத்தனை இடங்களில் மலை இறங்கியது என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

மீரியபெத்தைக்குப் பிறகு ஒரு இரவு எனது கொப்பியைப் புரட்டினேன். ஒரே தோட்டம், ஒரே லயம், மூன்று வருடம் தொடர்ந்து ஃபில்லர் என்று சில பெயர்கள் இருந்தன. அவர்கள் வெடிப்பை அடைத்திருக்கிறார்கள். நான் விற்றிருக்கிறேன். ஒருமுறைகூட "எந்தப் பக்கச் சுவர்?" என்று கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். சரிந்த வெடிப்பென்றால் ஃபில்லர் கொடுப்பதில்லை, ஒரு பென்சில் கொடுக்கிறேன். வெடிப்பின் இரு முனையிலும் கோடு போட்டு, குறுக்கே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் திகதி எழுதச் சொல்கிறேன். முனை கோட்டைத் தாண்டினாலோ குறுக்குக் கோடு விலகினாலோ சுவர் இன்னும் நகர்கிறது. அப்போது கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் சொல்லலாம். நிலத்திலும் வெடிப்பு இருந்தால் கோடு போட்டுக் காத்திருக்கவே கூடாது, அன்றே சொல்ல வேண்டும். மழை அளவுக் கணக்கையும் கடைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும்.

ஒரு தீபாவளிக்கு முந்திய வாரம், பூனாகலைப் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்கும் சகோதரி ஒருவர் வந்தார். நான்கு லீட்டர் இளம் பச்சை எடுத்துப் பணமும் கட்டிவிட்டார். கடைசியில்தான் ஃபில்லர் கேட்டார். கையடக்கத் தொலைபேசியில் படம் காட்டச் சொன்னேன். சன்னல் மூலையிலிருந்து தரைவரை சரிந்து ஓடியிருந்தது.

"இது எத்தனாவது வருஷம் தங்கச்சி?"

"போன வருஷமும் அடைச்சோம் நானா. பொறவு கதவும் சாத்த முடியல்ல."

பென்சிலைக் கொடுத்து விளக்கினேன். நம்பிய மாதிரித் தெரியவில்லை, ஆனாலும் வாங்கிக்கொண்டு போனார். பன்னிரண்டு நாளில் மகன் வந்தான். குறுக்குக் கோடு ஒரு நெல் அளவு விலகியிருந்தது. கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன். அதிகாரிகள் வந்து பார்த்து, மழை முடியும்வரை அந்த லயத்தில் நான்கு குடும்பங்களைத் தோட்டப் பாடசாலைக்கு மாற்றினார்கள். மலை இதுவரை இறங்கவில்லை. இறங்காமலே போகலாம். அதற்காக என்னைத் திட்டிய குடும்பமும் அந்த நான்கில் ஒன்று உண்டு.

பொங்கலுக்குப் பிறகு அந்தப் பையன் பச்சை வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூடி திறக்கவில்லை. கொப்பியில் இலக்கத்தைச் சரிபார்த்து, வாளியைத் தட்டில் வைத்து, பணத்தை எண்ணிக் கொடுத்தேன். முற்பணத்தில் இன்னும் இரண்டு மாதம் கழிய இருக்கிறது என்றான்.